கயிறு திரிக்காமல் பதில்: பழைய வின்ச் கயிற்றில் சாஃப்ட் ஷேக்கிள்

போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன்: வின்ச்சிலிருந்து, அதாவது சிக்கிய வண்டியை இழுக்க வண்டியிலேயே பொருத்தியிருக்கும் கயிறு சுற்றும் இயந்திரத்திலிருந்து, கழற்றிய சிந்தெடிக் கயிற்றை எறிந்துவிடாதீர்கள், அதில் ஷேக்கிள், அதாவது கயிற்றை வண்டியோடோ கொக்கியோடோ இணைக்கும் பூட்டு வளையம், கட்டலாம் என்று. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ஷேக்கிள் என்றால் லாட வடிவ இரும்பும் குறுக்கே ஒரு திருகாணியும்தானே? கயிற்றில் எப்படி ஷேக்கிள்?

பதில்: சட்டைப் பித்தானை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் விரிந்து சுருங்கும் ஒரு கண், மறு முனையில் உருண்டையாக ஒரு முடிச்சு. கண்ணை விரித்து, முடிச்சை உள்ளே நுழைத்து, கண்ணை இறுக்கிவிட்டால் வளையம் மூடிக்கொள்ளும். சுமை ஏற ஏறக் கண் முடிச்சின் கழுத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். இதுதான் சாஃப்ட் ஷேக்கிள்.

19 மி.மீ. இரும்பு ஷேக்கிள் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். 10 மி.மீ. கயிற்றில் கட்டிய சாஃப்ட் ஷேக்கிள் 150 கிராமைத் தாண்டாது. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். காலில் விழுந்தால் வலிக்காது. இரும்பு ஷேக்கிள் ஒருமுறை என் கால் கட்டைவிரல் மேல் விழுந்திருக்கிறது. அதன் பிறகுதான் எனக்குக் கயிற்றின் மேல் இந்தப் பிரியம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பழைய கயிறு இந்த வேலைக்கு ஆகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கியபோது இருந்த அட்டை போய்விட்டது.

பதில்: இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், ஒரு விரல் நீளத் துண்டைத் தண்ணீரில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போகும்படி நன்றாகப் பிசைந்துவிடுங்கள். மூழ்கினால் அது நைலானோ பாலியெஸ்டரோ. இந்த வேலைக்கு வேண்டாம். மிதந்தால், டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பாலிஎத்திலீன் இழையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் அடர்த்தி 0.97, தண்ணீரைவிடச் சற்றே குறைவு. பாலிபுரோப்பிலீன் என்ற மலிவுக் கயிறும் மிதக்கும்தான். ஆனால் அது கையில் சொரசொரப்பாக இருக்கும். இது மெழுகு தடவியது போல வழுக்கும். தொட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது பின்னல். 12 புரிகள், ஆறு ஒரு பக்கமும் ஆறு எதிர்ப்பக்கமுமாகச் சுற்றிப் பின்னியிருக்க வேண்டும். இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் பொள்ளலாகத் திறந்துகொள்ளும். அப்படித் திறக்காமல் மேலே ஓர் உறையும் உள்ளே தனியாக ஒரு கயிறுமாக இருந்தால் அது வேறு ஜாதி. நான் இங்கே சொல்லப்போகும் வழி அதற்குப் பொருந்தாது.

கேள்வி: பாலிஎத்திலீன் என்கிறீர்கள். கடையில் தரும் பையும் அதுதானே? அது விரலால் இழுத்தாலே கிழிகிறது!

பதில்: பொருள் ஒன்றுதான், அடுக்கு வேறு. பையில் மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குப் பிடித்த தலைமுடி போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. இந்த இழையில் சங்கிலிகள் பல மடங்கு நீளம். அவற்றைக் கரைத்துக் கூழாக்கி, இழுத்து, வாரிவிட்ட கூந்தல் மாதிரி ஒரே திசையில் படுக்கவைக்கிறார்கள். நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் 1979-ஆம் ஆண்டில் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். ஆனால் பையின் குணம் ஒன்று இழைக்கும் விட்டுப்போகவில்லை: சூடு ஆகாது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, 70 டிகிரியைத் தாண்டும்போதே, பலம் குறையத் தொடங்கிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் தேவைப்படும்.

கேள்வி: என் வண்டியின் வின்ச்சில் 28 மீட்டர் கயிறு இருந்தது. புதுக் கயிறு மாற்றிவிட்டேன். பழையதை அப்படியே துண்டு துண்டாக வெட்டினால் பத்து ஷேக்கிள் தேறும் போலிருக்கிறதே?

பதில்: பத்து தேறாது. நான்கு தேறினால் சந்தோஷப்படுங்கள்.

கயிறு முழுவதும் ஒரே மாதிரி கிழடாவதில்லை. ஹூக் பக்கத்து மீட்டர்கள் சேற்றிலும் பாறையிலும் புரண்டவை. வெயிலும் அதிகம் பட்டவை. கயிறு சுற்றும் உருளையான டிரம்மின் பக்கத்து மீட்டர்களுக்கு வேறு வியாதி. பல வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விடும்போது பிரேக் கொதிக்கும். அந்தச் சூடு டிரம்மை ஒட்டிக் கிடக்கும் முதல் அடுக்குக்கு நேராகப் போகும். வெளியே பார்க்கப் புதுக்கருக்குப் போகாமல் இருக்கும் பகுதியும் அதுதான்! வெயிலையே காணாததால் நிறம் பளிச்சென்று இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாந்து அதை முதலில் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். நான் முதல் அடுக்கு முழுவதையும் கழித்துவிடுவேன். மூட்டை கட்ட அது ஆகும், வண்டி இழுக்க ஆகாது.

மிச்சமிருக்கும் நடுப்பகுதியை வாளித் தண்ணீரில் சோப்பு போட்டு ஊறவைத்து அலசுங்கள். அடியில் மணல் படிவதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த மணல்தான் உள்ளேயிருந்து இழைகளை அறுக்கிறது. நிழலில் காயவைத்து, மடியில் போட்டுக்கொண்டு, விரலால் சாண் சாணாகத் தடவிக்கொண்டே வாருங்கள்.

லேசாகப் பஞ்சு பூத்திருந்தால் பயமில்லை. அந்தப் பஞ்சே மேல் இழைகளுக்கு ஒரு போர்வை. புரி ஒல்லியாகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் அந்தத் துண்டு கழிவு. ஒரே ஒரு புரி அறுந்திருந்தாலும் கழிவுதான். மினுமினுப்பாக, விறைப்பாக ஒரு இடம் தட்டுப்பட்டால் உடனே முடிவு செய்யாதீர்கள். அழுத்தத்தால் வந்த மினுமினுப்பும் உண்டு, உருகியதால் வந்ததும் உண்டு. அந்த இடத்தை நாலைந்து தரம் வளைத்து நிமிர்த்துங்கள். மினுமினுப்பு கலைந்து கயிறு இளகினால் வெறும் அழுத்தம். கலையாமல் குச்சி மாதிரியே நின்றால் உருகியிருக்கிறது. கடைசியாக, அங்கங்கே பின்னலைத் திறந்து உள்ளே பாருங்கள். உள்பக்கம் மாவு மாதிரி தூள் கொட்டினால் வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, செய்முறையைச் சொல்லுங்கள். படம் பார்த்து இரண்டு தடவை முயன்றேன். கண் இறுகவே மாட்டேன் என்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

10 மி.மீ. கயிற்றில், கைக்கு அடக்கமான ஒன்றுக்கு நான் இரண்டரை மீட்டர் வெட்டுவேன். கொஞ்சம் தாராளம்தான்; மிச்சம் வாலோடு போகட்டும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டுங்கள். நல்ல கத்தரி வேண்டும். வீட்டுக் கத்தரியைத் தொட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் வீட்டில் பதில் சொல்லி மாளாது. ஒரு முனைக்குச் சிவப்பு டேப், மறு முனைக்கு நீலம்.

கயிற்றைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு இருக்கும் இடம்தான் கண் ஆகப்போகிறது. இரு பாதிகளும் இரண்டு கால்கள்; முனை டேப்பின் நிறத்தால் சிவப்புக் கால், நீலக் கால். மடிப்பிலிருந்து 8 செ.மீ. தள்ளி, நீலக் காலில் ஒரு குறி. அங்கிருந்து இன்னும் 30 செ.மீ. தள்ளி அதே நீலக் காலில் இரண்டாவது குறி. இப்போது சிவப்புக் கால் முழுவதும் முதல் குறியில் நீலக் காலுக்குள் நுழைந்து, உள்ளேயே ஓடி, இரண்டாவது குறியில் வெளியே வர வேண்டும். நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பின்னலைத் திறக்கும்போது பக்கத்துக்கு ஆறு புரியாகப் பிரியுங்கள். ஐந்தும் ஏழுமாகப் பிரிந்தால் சுமை ஒரு பக்கமாகச் சாயும்.

உள்ளே ஓட்டுவதற்கு ஃபிட் என்று ஒரு குழல் ஊசி விற்கிறார்கள். நான் மெல்லிய கம்பியை இரண்டாக மடித்துப் பயன்படுத்துகிறேன். கம்பியை இரண்டாவது குறியில் விட்டு முதல் குறியில் வெளியே எடுத்து, அதன் வளைவில் சிவப்பு முனையை மாட்டி, இழுத்து வந்துவிடலாம். நீலக் காலைப் பெருச்சாளி விழுங்கிய பாம்பு மாதிரி ஒதுக்கி ஒதுக்கி அகலமாக்கினால் சுலபமாக வரும்.

இப்போது உங்கள் தவறு. உள்ளே ஒரு கயிறு போனதும் மேலுறையாகிவிட்ட நீலக் கால் தடித்து, நீளத்தில் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தை அப்படியே வைத்து முடிச்சுப் போட்டால் கண் இறுகாது. மேலுறையை ஒரு கையால் முடிச்சு வரப்போகும் இடத்தில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணை நோக்கி மாட்டில் பால் கறப்பதுபோல நீவுங்கள். திரும்பத் திரும்ப நீவுங்கள். கண் சுருங்கிச் சுருங்கி, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு வந்து நிற்கும். அந்த நிலையில்தான் முடிச்சைத் தொடங்க வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் மேலுறையை முடிச்சுப் பக்கம் ஒதுக்கினால் கண் விரியும், திரும்ப நீவினால் மூடும்.

முடிச்சின் பெயர் டைமண்ட் முடிச்சு. இரண்டாவது குறிக்கு அப்பால் மிஞ்சும் கயிறுதான் வால். சிவப்பு வாலால் மேசையில் ஒரு வளையம் போடுங்கள். நீல வால் அந்த வளையத்தின் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் பின்னிப் போக வேண்டும். ஒழுங்காக வந்தால் நடுவில் ஒரு சதுரக் கட்டம் தெரியும். அப்புறம் இரண்டு வாலும் ஒரே திசையில் சுற்றிப் போய், பக்கத்தில் இருக்கும் காலை வெளிப்பக்கமாகத் தாண்டி, அடியிலிருந்து அந்தச் சதுரத்தின் வழியாக மேலே வரவேண்டும். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் போனால் முடிச்சு கோணிக்கொள்ளும். முதல் மூன்று தடவை எனக்கு அப்படித்தான் வந்தது. செருப்பு நாடாவில் பழகிவிட்டு வின்ச் கயிற்றுக்கு வாருங்கள்.

கேள்வி: கட்டி முடித்தேன், அழகாக வந்தது. வாலை ஒட்ட நறுக்கிவிடலாமா? நீட்டிக்கொண்டிருப்பது அசிங்கமாக இருக்கிறது.

பதில்: எனக்கும் அப்படித்தான் இருந்தது. நறுக்கினேன்.

இது என் சொந்தக் கதை. முதன்முதலில் கட்டிய ஷேக்கிளின் வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டி, நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். இரண்டாவது நாளே ஒரு விழுந்த மரத்தை இழுக்கும் வேலை. மெதுவாகத்தான் இழுத்தோம். நான் ஷேக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வெட்டிய முனைகளின் வெள்ளைப் பஞ்சு முடிச்சுக்குள் இறங்கியது. அப்புறம் முனையே தெரியவில்லை. முடிச்சு தன் வாலைத் தானே விழுங்குகிறது என்று எனக்கு உறைப்பதற்குள் கட்டு அவிழ்ந்து, கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. கயிற்றின் மேல் கனமான ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவைத்திருந்ததால் எதுவும் பறந்து வரவில்லை. அறுந்த இடம் என்று ஒன்றுமே இல்லை. அத்தனை இழையும் முழுசாக இருந்தது.

இந்த இழை வழுக்கும். சணலிலும் பருத்தியிலும் முடிச்சு உராய்வால் நிற்கிறது. இதில் உராய்வு சொற்பம். அதனால் முடிச்சை முதலில் கட்டாயம் இறுக்கியாக வேண்டும். கையால் ஒவ்வொரு பகுதியாகத் தளர்வை எடுத்து உருண்டையாக்குங்கள். பிறகு வாலை ஒரு கட்டையில் சுற்றி மிதித்து இழுங்கள். இடுக்கியால் பிடிக்காதீர்கள், இழை நசுங்கும். கடைசியாக, ஷேக்கிளைப் பூட்டி, கைவின்ச்சில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றி இறக்குங்கள். முடிச்சு கண் முன்னாலேயே சிறுத்து, கோலிக்குண்டு மாதிரி கெட்டியாகும். வால்கள் சற்றே உள்ளே போகும். அதன் பிறகுதான் கத்தரி. அப்போதும் 10 மி.மீ. கயிற்றுக்கு ஏழெட்டு செ.மீ. வால் விடுங்கள். முனைகளைத் தையல் நூலால் சுற்றிக் கட்டினால் அசிங்கமும் தெரியாது. ஒரு பேனாவால் முடிச்சின் வாயருகே வாலில் கோடு போட்டு வையுங்கள். அடுத்த தடவை கோடு உள்ளே போயிருந்தால் வால் நழுவுகிறது என்று அர்த்தம்.

கேள்வி: எவ்வளவு தாங்கும்? எண்ணாகச் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.

பதில்: சரி, எண்ணாகவே போவோம். 10 மி.மீ. நல்ல கயிறு புதிதாக இருக்கும்போது சுமார் 8 முதல் 9 டன்னில் அறும். ஷேக்கிள் வளையத்துக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் உறையும் உள்கயிறுமாக இரண்டு. ஆக நான்கு கயிறு. காகிதக் கணக்குப்படி நான்கு மடங்கு வரவேண்டும். வராது. முடிச்சுக்குள் நுழையும் கழுத்தில் கயிறு கூர்மையாக மடங்குகிறது, அங்கே பாதிக்கு மேல் போய்விடும். நான் சொன்ன எளிய வகைக்கு ஒரு கயிற்றின் பலத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வால்களை மறுபடி உடம்புக்குள் புதைக்கும் இன்னொரு வகை இருக்கிறது. அது இரண்டு மடங்கைத் தாண்டும். ஆனால் முதல் ஐந்தாறு ஷேக்கிளுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது பழைய கயிறு. நான் பாதிப் பலம் போயிற்று என்றே எடுத்துக்கொள்வேன். 8 டன் 4 ஆயிற்று. ஒன்றரை மடங்கு, 6 டன். இது அறும் எண், வேலைக்கான எண் இல்லை. ஐந்தில் ஒரு பங்குதான் வேலைக்கு: 1.2 டன். 9,500 பவுண்ட் வின்ச் முழு மூச்சில் இழுத்தால் 4.3 டன். ஆக, பழைய கயிற்று ஷேக்கிளை வின்ச்சின் பிரதான இழுப்பில் நான் மாட்ட மாட்டேன். 6-க்கும் 4.3-க்கும் நடுவே இருக்கும் இடைவெளி என் தைரியத்துக்குப் போதாது. அந்த இடத்துக்குப் புதுக் கயிறு வாங்கி, அதே கையால் கட்டுங்கள். பழைய கயிற்றில் பழகிய கைக்கு அரை மணி நேர வேலை.

கேள்வி: அப்படியானால் ஸ்னாட்ச் பிளாக்கை மரத்தில் கட்டுவதற்குப் பயன்படுத்தலாம்தானே? அது வெறும் கப்பிதான், வின்ச் இல்லையே.

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். கப்பியைச் சுற்றிக் கயிறு திரும்பி வருகிறதல்லவா? போகிற கயிறும் இழுக்கிறது, வருகிற கயிறும் இழுக்கிறது. கப்பியைப் பிடித்திருக்கும் ஷேக்கிளுக்குக் கயிற்றின் இழுவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். மொத்தக் கட்டமைப்பிலேயே அதிகச் சுமை அந்த இடத்தில்தான்.

கேள்வி: பிறகு எதற்குத்தான் ஐயா அது? அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா?

பதில்: கோபப்படாதீர்கள். என் வண்டியில் ஆறு கிடக்கின்றன. ஸ்டெப்னியைக் கட்டி வைத்திருப்பது ஒன்று, ஜாக்கியை ஒன்று. வெட்டிய கிளைகளை இழுக்க, சின்னப் படகைக் கரையில் கட்ட, கூடாரத் தார்ப்பாயை நங்கூரம் போட, சுருட்டிய கயிறுகளை மாட்டி வைக்க. தினமும் ஏதாவது ஒன்று கையில் இருக்கும். ஆளைத் தாங்கும் ஊஞ்சல், தலைக்கு மேல் தூக்கும் சுமை, திடீர் குலுக்கலோடு இழுக்கும் வேலை: இந்த மூன்றுக்கும் எடுப்பதில்லை.

மாட்டும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வண்டியின் இரும்புத் தகட்டில் துளை போட்டு விட்டிருப்பார்கள்; அந்த விளிம்பு உங்கள் விரலைக் கீறினால் கயிற்றையும் அறுக்கும். அரம் போட்டு உருட்டுங்கள், அல்லது அங்கே இரும்பு ஷேக்கிளே இருக்கட்டும்.

கேள்வி: முனையைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டிவிட்டால் நூல் கட்டும் வேலை மிச்சம்தானே?

பதில்: உருகும், ஆனால் முனை கண்ணாடிச் சில்லு மாதிரி விறைத்துவிடும். அடுத்த தடவை வாலைப் பிடித்து இழுக்கும்போது உள்ளங்கையைக் கிழிக்கும். நூலே கட்டுங்கள்.